தீர்ப்பில் லத்தீன் இருக்கட்டும், முதலில் தேதியைப் பாருங்கள்

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் சிறிய அளவில் கட்டட ஒப்பந்த வேலை செய்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கிடங்கு கட்டிக் கொடுத்தேன். ஃபைனல் பில்லில் தகராறு வந்தது. ஒப்பந்தத்தில் இருந்தபடி நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரே நடுவரை நியமித்தார். நான் கேட்டது 62 லட்சம், தீர்ப்பானது 21 லட்சம். மண் இளகலாக இருந்ததால் அஸ்திவாரத்தை ஆழப்படுத்தினேன், சைட் இன்ஜினியரும் அளவுப் புத்தகத்தில் கையெழுத்திட்டார். அந்தக் கூடுதல் வேலைக்கு 18 லட்சம் கேட்டிருந்தேன். அதற்கு ‘குவாண்டம் மெரூயிட்’ பொருந்தாது என்று எழுதிவிட்டு, ‘எக்ஸ் ஈக்வோ எட் போனோ’ அடிப்படையில் 7 லட்சம் கொடுத்திருக்கிறார். ‘பெண்டன்டே லைட்’ வட்டியும் கேட்டிருந்தேன், அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நடுவரின் அலுவலகத்துக்குப் போன் செய்தால், ‘அவர் ஃபங்க்டஸ் ஆஃபிசியோ ஆகிவிட்டார், இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்கிறார்கள். இந்த லத்தீன் எல்லாம் எங்களைப் போன்றவர்களை மிரட்டத்தானா? நான் நீதிமன்றம் போகலாமா? தீர்ப்பு கைக்கு வந்து 19 நாள்கள் ஆகின்றன.

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியபோதே 19 நாள்கள் போயிருந்தன. நடுவரிடமே திரும்பிப் போக 30 நாள்கள்தான் கெடு. கடிதம் என்னிடம் வந்து சேர்ந்த நாள்களையும் கழித்தால் உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய ஒரு வாரம். அதனால் இந்தப் பதிலை அச்சுக்குப் போகும் முன்பே உங்களுக்கு நேரடியாக அனுப்பும்படி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதும் இல்லை. உங்களை அதிகம் கொதிக்கவைத்த சொல் எக்ஸ் ஈக்வோ எட் போனோ. அதற்கு அவகாசம் இருக்கிறது. இந்த வாரமே உங்கள் பணத்தைக் கரைத்துவிடக்கூடிய சொல் ஃபங்க்டஸ் ஆஃபிசியோ. அதிலிருந்து தொடங்குகிறேன்.

தீர்ப்பு சொல்லி முடித்தவருடைய வேலை முடிந்தது, அவர் மறுபடி அதில் கைவைக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன் இதைச் சொல்லியிருக்கிறார்: நீதிபதி ஒருமுறை தீர்ப்பு சொல்லிவிட்டால் அதன்பின் அவர் நீதிபதி இல்லை, கூட்டியோ குறைத்தோ திருத்த முடியாது, நன்றாகவோ மோசமாகவோ தன் கடமையை ஆற்றி முடித்துவிட்டார். நம்முடைய 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தில் பிரிவு 32 இதையே சொல்கிறது. ஆனால் அதே பிரிவு, ‘பிரிவு 33-க்கு உட்பட்டு’ என்று ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. நடுவர் அலுவலகத்தில் உங்களுக்குப் பதில் சொன்னவர் அந்தக் கதவைப் பற்றிச் சொல்லவில்லை.

பிரிவு 33-இன்படி, தீர்ப்பு கையில் கிடைத்த 30 நாள்களுக்குள் நீங்கள் நடுவரிடமே போகலாம். கூட்டல் கழித்தலில் பிழை, எழுத்துப் பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாம். அதைவிட உங்களுக்கு முக்கியமானது அதன் நான்காவது உட்பிரிவு: நீங்கள் முறையாக எழுப்பிய ஒரு கோரிக்கையைத் தீர்ப்பு தொடாமலே விட்டிருந்தால், அதற்குக் கூடுதல் தீர்ப்பு கேட்கலாம். கோரிக்கை நியாயமானது என்று நடுவர் கருதினால் 60 நாள்களுக்குள் அதைத் தர வேண்டும். உங்கள் வட்டிக் கோரிக்கை இதற்குப் பொருந்துகிற மாதிரித் தெரிகிறது. ‘மறுக்கப்படுகிறது’ என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். ஒன்றுமே இல்லாததால்தான் திறந்திருக்கிறது. உங்கள் கோரிக்கை மனுவை எடுத்து வட்டி கேட்ட பத்தியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்க மனு போதும். நடுவருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். எதிர்த்தரப்புக்கும் நகல் போக வேண்டும், ஏனென்றால் மறுதரப்புக்குத் தெரிவிப்பது இந்தப் பிரிவின் நிபந்தனை. போனில் கேட்டதெல்லாம் கணக்கில் வராது.

பெண்டன்டே லைட் வட்டி என்பது வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்துக்கான வட்டி. பிரிவு 31(7) பணம் தர வேண்டியிருந்த நாள் முதல் தீர்ப்பு நாள் வரை வட்டி கொடுக்க நடுவருக்கு அதிகாரம் தருகிறது, ஆனால் ‘தரப்பினர் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிராவிட்டால்’ என்ற முன்னொட்டோடு. எந்தத் தொகைக்கும் வட்டி கிடையாது என்று ஒரு வரி உங்கள் ஒப்பந்தத்தின் பொது நிபந்தனைகளில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்ரீ காமாட்சி அம்மன் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் என்ற ஒப்பந்த நிறுவனம் ரயில்வேயோடு நடத்திய வழக்கில், 2010-இல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு வரியை வைத்துத்தான் இந்த வட்டியை மறுத்தது. அந்த வரி இல்லையென்றால் உங்கள் கோரிக்கைக்கு உயிர் இருக்கிறது. தீர்ப்புக்குப் பிந்தைய வட்டிக்கு நீங்கள் கவலைப்பட வேண்டாம். தீர்ப்பில் வேறு மாதிரி சொல்லப்படாவிட்டால், அன்றைய நடப்பு வட்டி வீதத்தைவிட 2 சதவீதம் கூடுதலாக அது தானாகவே ஓடும்.

இனி எக்ஸ் ஈக்வோ எட் போனோ. சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் கட்டிப்பிடித்துக்கொண்டிராமல், எது நியாயம், எது நல்லது என்று நடுவர் தன் மனசாட்சிப்படி முடிவு செய்வது. நம் சட்டத்தின் பிரிவு 28(2)-இல் இதே லத்தீன் சொற்றொடர் அச்சடித்தபடியே இருக்கிறது. அதில் உள்ள நிபந்தனைதான் விஷயம்: இரு தரப்பும் வெளிப்படையாக அதிகாரம் கொடுத்திருந்தால் மட்டுமே நடுவர் இப்படி முடிவெடுக்கலாம். ஒப்பந்தத்தின் நடுவர் நிபந்தனையையும், முதல் அமர்வில் நீங்கள் கையெழுத்திட்ட நடைமுறை உத்தரவையும் ஒருமுறை படியுங்கள். இரண்டிலும் அப்படி ஓர் அதிகாரம் இல்லையென்றால் அவருக்கு அந்த உரிமை இல்லை.

இதில் எனக்கு இருக்கும் வருத்தம் சொல்லைப் பற்றியது மட்டும் இல்லை. அந்த 18 லட்சத்தை நடுவர் கையாண்ட விதமே தவறான பாதையில் போயிருக்கிறது. குவாண்டம் மெரூயிட் என்பது செய்த வேலைக்குத் தக்க கூலி. விலை பேசாமல் ஒருவர் வேலை செய்து கொடுத்து, இலவசமாகச் செய்யும் எண்ணமும் அவருக்கு இல்லாமல், மற்றவர் அதன் பலனை அனுபவித்தால் ஈடு கொடுத்தாக வேண்டும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவு 70 இதைச் சொல்கிறது. மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டலுக்கும் நடந்த வழக்கில், முறையான ஒப்பந்தம் இல்லாமல் அரசுக்காகக் கட்டிய கட்டடத்துக்குப் பணம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தப் பிரிவை வைத்துத்தான். ஆனால் ஒப்பந்தத்திலேயே அந்த வேலைக்கு விலை இருந்தால் குவாண்டம் மெரூயிட் வராது. 1960-இல் அலோபி பர்ஷாத் வழக்கில் வந்த தீர்ப்பு அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்துக்கு நெய் வாங்கிக் கொடுத்த முகவர்கள், போரால் எல்லாம் மாறிவிட்டது, பேசிய தொகை கட்டுப்படியாகவில்லை என்றார்கள். நடுவர்கள் கூட்டிக் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விலை பேசி எழுதிய பிறகு ‘தக்க கூலி’ என்று தனியாக ஒன்று கிடையாது என்றது.

இப்போது உங்கள் கூடுதல் வேலையை இதில் பொருத்திப் பாருங்கள். மண் இளகலாக இருந்ததால் அஸ்திவாரத்தை ஆழப்படுத்தியதாகவும், சைட் இன்ஜினியர் அளவுப் புத்தகத்தில் கையெழுத்திட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒப்பந்த விலைப்பட்டியலில் தோண்டும் வேலைக்கும் கான்கிரீட்டுக்கும் கன மீட்டர் விலை இருக்குமானால், குவாண்டம் மெரூயிட் பொருந்தாது என்று நடுவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். அப்படியானால் அளவுப் புத்தகத்தில் உள்ள அளவை எடுத்து ஒப்பந்த விலையால் பெருக்கியிருக்க வேண்டும். விலை இல்லை, வேலையே ஒப்பந்தத்துக்கு வெளியே என்றால் பிரிவு 70-ஐ எடுத்துச் சந்தை விலையைப் பார்த்திருக்க வேண்டும். அவர் இரண்டையும் செய்யாமல் நியாய உணர்வு என்ற மூன்றாவது வழிக்குத் தாவிவிட்டார். அந்த 7 லட்சம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று தீர்ப்பைப் படித்தால் தெரியாது. காரணம் சொல்ல வேண்டும் என்பது பிரிவு 31(3)-இன் கட்டளை. லத்தீன் சொற்றொடர் ஒன்றைக் காரணம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டால் அது காரணம் ஆகிவிடாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சொற்றொடர் இருக்கிறது என்பதற்காகவே தீர்ப்பு விழாது. ஆதாரங்களைப் பார்த்து ஏறத்தாழ ஒரு மதிப்பீட்டுக்கு வந்துவிட்டு, பழக்க தோஷத்தில் லத்தீனை ஒட்டவைத்திருந்தால் நீதிமன்றம் அதைப் பொருட்படுத்தாது. ஒப்பந்தத்தை விட்டு அவர் உண்மையிலேயே விலகினாரா என்றுதான் பார்க்கும். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தின் சரக்குப் பெட்டக முனையம் பற்றிய வழக்கு நல்ல உதாரணம். ஒப்பந்தப்படி ராயல்டி கொடுத்துவந்த பி.எஸ்.ஏ. சிகால் நிறுவனத்தை வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு மாற்ற வேண்டும் என்று நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். துறைமுகம் அதற்குச் சம்மதிக்கவே இல்லை. இது தரப்பினருக்காக நடுவர்களே எழுதிய புது ஒப்பந்தம் என்று சொல்லி, 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு செல்லாது என்பதை உறுதி செய்தது.

இந்த வாதத்தில் நீங்கள் ஜெயித்தால் 18 லட்சம் வந்துவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நடுவர் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போவது பிரிவு 34-இன் கீழ். அங்கே நீதிமன்றம் மேல்முறையீடு கேட்பதில்லை. தீர்ப்பை, அல்லது பிரித்தெடுக்க முடிந்த ஒரு பகுதியை, ரத்து செய்யும். ரத்தானால் இப்போது கிடைத்திருக்கும் 7 லட்சமும் அதோடு போகும். நீதிமன்றம் தொகையைத் திருத்தலாமா என்ற கேள்வி சென்னையில் தொடங்கிய காயத்ரி பாலசாமி வழக்கில்தான் அரசியல் சாசன அமர்வு வரை போனது. நடுவர் 2 கோடி கொடுத்தார், உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி மேலும் 1.6 கோடி சேர்த்தார், இரு நீதிபதிகள் அமர்வு அந்தக் கூடுதலை 50,000 ரூபாயாகக் குறைத்தது. 2025 ஏப்ரல் 30 அன்று ஐவர் அமர்வு நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், திருத்தும் அதிகாரம் உண்டு, ஆனால் அது குறுகியது என்றது. அங்கேயும் ஒரு லத்தீன் முதுமொழி கை கொடுத்தது: ஓம்னே மேஜஸ் கான்டினெட் இன் சே மைனஸ். பெரியதற்குள் சிறியது அடக்கம், முழுவதையும் ரத்து செய்யக்கூடியவர் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுக்கவும் முடியும். ஆனால் உங்கள் அளவுப் புத்தகத்தைப் புரட்டிப் புதிதாகக் கணக்குப் போட அந்தக் குறுகிய அதிகாரம் போதாது.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் பேனா நின்ற இடம் அதுதான். நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் தாமே தனி நடுவரை நியமித்தார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நெமோ ஜூடெக்ஸ் இன் காசா சுவா, தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது. கி.பி. 533-இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட டைஜெஸ்ட் தொகுப்பிலேயே, தன் சொந்த விவகாரத்தில் நடுவராக்கப்பட்டவன் தீர்ப்பு சொல்ல முடியாது என்று இருக்கிறது. நம் நாட்டில் 2015 திருத்தம், ஒரு தரப்போடு நெருங்கிய தொடர்புள்ளவர் நடுவராக இருக்கத் தகுதியற்றவர் என்னும் பிரிவு 12(5)-ஐக் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து 2017-இல் டி.ஆர்.எஃப். வழக்கு, நடுவராக இருக்கத் தகுதியிழந்த நிர்வாக இயக்குநர் இன்னொருவரை நியமிக்கவும் முடியாது என்றது. 2019 நவம்பரில் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கு, வழக்கின் முடிவில் அக்கறை உள்ள ஒரு தரப்பு தனி நடுவரைத் தானாக நியமிப்பதற்கே முற்றுப்புள்ளி வைத்தது. நீங்கள் எதிர்ப்புச் சொல்லாமல் விசாரணையில் கலந்துகொண்டதால் உரிமை போய்விடுமா? போகாது. தகராறு எழுந்த பிறகு, இந்தப் பிரிவின் பாதுகாப்பு வேண்டாம் என்று இருவரும் எழுத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பாரத் பிராட்பேண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

ஆனால் இதுதான் இருப்பவற்றிலேயே கூர்மையான ஆயுதம், இருபுறமும் வெட்டும். இதை எடுத்தால் தீர்ப்பு முழுவதும் போகும், 21 லட்சமும் சேர்த்து. புது நடுவர், டி நோவோ, அதாவது முதலிலிருந்து விசாரணை. காலக்கெடு போய்விடும் என்ற பயம் வேண்டாம், பழைய நடுவர் விசாரணையிலும் நீதிமன்றத்திலும் கழிந்த காலத்தைப் பிரிவு 43(4) கணக்கிலிருந்து தள்ளிவிடும். ஆனாலும் ஆண்டுகள் ஆகும். சாட்சி சொல்ல வேண்டிய அந்த சைட் இன்ஜினியர் அதுவரை அதே ஊரில் இருப்பாரா என்பதையும் நினைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், முதலில் பிரிவு 33. வட்டியோடு சேர்த்து என்ன தேறுகிறது என்று தெரிந்த பிறகு, மீதிக்காகப் போராடுவதா என்று முடிவெடுங்கள். நிறுவனமே தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போனால் கணக்கு மாறும். அப்போது கையில் உள்ளதைக் காப்பதுதான் உங்கள் வழக்கறிஞரின் முதல் வேலை.

நீதிமன்றம் போவதற்கான கெடு தீர்ப்பு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. பாப்புலர் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் 2001-இலேயே உச்ச நீதிமன்றம் இதை முடித்துவிட்டது. பிரிவு 33 மனு போட்டிருந்தால் அந்த மனு முடிந்த நாளிலிருந்து மூன்று மாதம் எண்ணப்படும். ஆனால் உங்கள் மனு உண்மையில் அந்தப் பிரிவுக்குள் வரவில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடலாம், ஆகவே தீர்ப்பு கிடைத்த நாளிலிருந்து எண்ணும் மூன்று மாதத்தையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு வந்த தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள அஞ்சல் முத்திரை ஒரு சாட்சி. டெக்கோ திருச்சி எஞ்சினியர்ஸ் வழக்கு நினைவுக்கு வருகிறது. ரயில்வேயின் பொது மேலாளர் அலுவலகத்தில் தீர்ப்பு வந்து சேர்ந்த நாளா, வழக்கை நடத்திய தலைமைப் பொறியாளர் கையில் கிடைத்த நாளா, எதிலிருந்து கெடு தொடங்குகிறது என்பதற்காகவே அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பொறியாளர் கையில் கிடைத்த நாள்தான் கணக்கு என்று 2005-இல் முடிவானது. பெரிய அலுவலகங்களுக்குச் சொன்ன விதி அது. உங்களைப் போலத் தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு, ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திட்ட நாள்தான் நாள்.

மிரட்டத்தானா என்று கேட்டீர்கள். இல்லை, ஐயா. ஆனால் மிரட்சி உண்டாகிறது என்பது உண்மை, அதற்கு வழக்கறிஞர்களாகிய நாங்களும் பொறுப்பு. நடுவர் முறையே ரோமானியர்களிடம் நீதிமன்றத்துக்கு வெளியே வளர்ந்தது. இருவரும் ஒருவரை நடுவராக ஏற்று, அவர் சொன்னதைக் கேட்காவிட்டால் இவ்வளவு அபராதம் என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் கொம்ப்ரோமிஸ்ஸும். தீர்ப்பை நேரடியாக நிறைவேற்ற வழி கிடையாது, அபராதத்தைத்தான் வசூலிக்கலாம். நடுவராக இருக்க ஒப்புக்கொண்டவர் பின்வாங்கினால், தீர்ப்பு சொல்லும்படி அரசு அதிகாரி கட்டாயப்படுத்துவார். இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் 1733 வரை தங்கள் பதிவேடுகளை லத்தீனில் எழுதின. அந்த மரபு மதராஸுக்கும் கப்பலேறி வந்தது. நம் 1996 சட்டமோ, ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம் 1985-இல் தந்த மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றியது. பிரிவு 14-இல் டி ஜூரே, டி ஃபேக்டோ, பிரிவு 16-இல் இப்சோ ஜூரே, பிரிவு 28-இல் எக்ஸ் ஈக்வோ எட் போனோ என்று லத்தீன் நம் சட்டப் புத்தகத்துக்குள் வந்தது அப்படித்தான்.

இந்தச் சொற்களில் சில வெறும் பழக்கம். உங்கள் தீர்ப்பில் இன்டர் ஏலியா, ப்ரைமா ஃபேசி என்று வருவதையெல்லாம் தாண்டிப் போங்கள். சில சொற்களில் மனிதர்களின் கதி தொங்குகிறது. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் செயின்ட் ஆண்டனி படகின் மீது இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள், ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். அந்த விவகாரம் சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. ரேஷியோனே மெட்டீரியே, அரசுப் பணியின் தன்மையால் கிடைக்கும் விலக்கு, என்ற கோட்பாட்டின்படி அந்த வீரர்களை இந்தியா குற்றவியல் வழக்கில் விசாரிக்க முடியாது என்று 2020 மே மாதம் தீர்ப்பானது. இழப்பீடு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னதால், மறு ஆண்டு 10 கோடி ரூபாய் வந்தது. இரு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. அந்தக் குடும்பங்களுக்கு அவர்கள் மொழியில் யாராவது உட்கார்ந்து இதை விளக்கியிருப்பார்களா என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

லத்தீன் இல்லாமலும் முடியும். இங்கிலாந்தே 1999-இல் தன் உரிமையியல் நடைமுறை விதிகளை மாற்றியபோது எக்ஸ் பார்ட்டே (ஒரு தரப்பை மட்டும் கேட்டு) போன்ற சொற்களை விட்டுவிட்டது. அவர்களுடைய நடுவர் சட்டத்தின் பிரிவு 46, நம் 28(2) சொல்லும் அதே விஷயத்தை எளிய ஆங்கிலத்தில் சொல்கிறது.

உங்கள் கையில் இருக்கும் ஒரு வழி பிரிவு 22. நடுவர் விசாரணை எந்த மொழியில் நடக்க வேண்டும் என்பதைத் தரப்பினரே முடிவு செய்துகொள்ளலாம். தமிழ் என்று எழுதினால் தமிழ்தான். அடுத்த ஒர்க் ஆர்டரில் கையெழுத்திடும் முன் நடுவர் நிபந்தனையைப் படியுங்கள். நடுவரை இருவரும் சேர்ந்து நியமிக்க வேண்டும், முடியாவிட்டால் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று இருக்கட்டும். விசாரணையின் இருக்கை, அதாவது சட்டத்தின் கண்ணில் விசாரணை நடக்கும் இடம், எந்த ஊர் என்பதும், மொழி எது என்பதும் இருக்கட்டும். வட்டி கிடையாது என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இசைய மாட்டார்கள். நியமன நிபந்தனையை மட்டுமாவது மாற்றாமல் விடாதீர்கள்.

இந்த வாரம் மனுவை அனுப்பிவிட்டு, தீர்ப்பு, தபால் உறை, ஒப்பந்தம், கோரிக்கை மனு, அளவுப் புத்தக நகல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு நாமக்கல்லிலோ சேலத்திலோ நடுவர் வழக்குகள் நடத்திப் பழகிய ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நான் பார்த்தது உங்கள் கடிதத்தை மட்டும்தான். காகிதங்களை முழுதாகப் படிக்கப்போகிறவர் அவர்.